என் அப்பா, அவருடைய காபித் தோட்டம், அவர் சொல்லிக்கொடுத்த வேலைகள்

அப்பா காலமாகி ஒரு வருடம் முடியப்போகிறது. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "உழைப்பாளிப்பா மனுஷன், ஒரு நாள் சும்மா உக்காந்து பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் மலையில் உழைக்காதவர் யார்? விடிந்ததும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்குகிற எல்லாரும் உழைப்பாளிகள்தான். அப்படி உழைத்தும் தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிப் போன குடும்பங்கள் எத்தனையோ. அப்பா கடன் இல்லாமல் நின்றார், மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்தார், வாங்கியபோது இருந்ததைவிட நல்ல மண்ணாகத் தோட்டத்தை விட்டுவிட்டுப் போனார். அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன். சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், ஊரில் வயதான அப்பா அம்மாவைத் தோட்டத்தோடு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவில். தாலுகா கொடைக்கானல்தான், ஆனால் கொடைக்கானல் என்றதும் நினைவுக்கு வருகிற ஏரியும் படகும் இங்கே கிடையாது. இது காபியும் மிளகும் மலைவாழையும் சவ்சவ்வும் அவரையும் விளைகிற மலை. தாத்தாவுக்குச் சொந்த நிலம் இல்லை, பொதி சுமக்க இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். ரோடு இல்லாத தோட்டங்களிலிருந்து காபி மூட்டையும் வாழைத்தாரும் குதிரை முதுகில்தான் வரும், சில இடங்களில் இன்றைக்கும் அப்படித்தான். அப்பா அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தக் குதிரைகளுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தவர். பிறகு ஒரு எஸ்டேட்டில் கூலியாகச் சேர்ந்து, கவாத்து வெட்டக் கற்று, மேஸ்திரி ஆனார்.

அந்த வயதில் அவர் பார்த்த பெரிய அடி வாழைக்கு விழுந்தது. விருப்பாச்சி, சிறுமலை என்ற மலைவாழைதான் அப்போது காபிக்கு நடுவில் நின்று வருடம் முழுக்கப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம். எழுபதுகளில் முடிக்கொத்து நோய் வந்து மலை மலையாக அழித்தது. இலை குறுகி, விறைத்து நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த மரத்தில் தாரை எதிர்பார்க்க முடியாது. அசுவினிப் பூச்சிதான் மரத்துக்கு மரம் பரப்புகிறது. ஆனால் நோய் கண்ட தோப்பிலிருந்து கட்டையைத் தோண்டி வந்து தன் தோட்டத்தில் நட்டவர்கள் பூச்சியைவிட வேகமாகப் பரப்பிவிட்டார்கள் என்பார் அப்பா. அன்றைக்கு அவர் மனதில் இரண்டு விஷயம் விழுந்திருக்கிறது. ஒரே பயிரை நம்பிக் குடும்பம் நடத்தக் கூடாது. தாய்ச்செடியைக் கண்ணால் பார்க்காமல் யாரிடமும் கன்று வாங்கக் கூடாது. இரண்டையும் சாகும்வரை மீறியதில்லை. சொந்த மச்சான் கொடுத்த வாழைக் கன்றைக்கூட அவர் தோப்புக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நட்டார், அதில் கொஞ்ச நாள் மனஸ்தாபமும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் நகையை விற்று, மீதிக்குக் கைமாற்று வாங்கி, இரண்டே முக்கால் ஏக்கர் வாங்கினார்கள். காட்டோரத்து நிலம், பாதி லேண்டனா புதர். எஸ்டேட் வேலையை விடாமல், காலையும் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் சொந்த நிலத்தில் வேலை செய்து, 795 ரகக் காபியை நட்டு எடுத்தார்கள். அம்மா என்னை முதுகில் கட்டிக்கொண்டு குழிக்குத் தண்ணீர் சுமந்ததாகச் சொல்வாள்.

அப்போது காபியை நினைத்த ஆளுக்கு விற்க முடியாது. விளைந்ததைக் காபி வாரியத்தின் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும், பணம் தவணை தவணையாக வரும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, வெளிச் சந்தையில் விற்கலாம் என்று ஆனது. அதே சமயத்தில், 1994ல், பிரேசிலில் உறைபனி விழுந்து அங்கே செடிகள் கருகின. உலகம் முழுக்க விலை ஏறியது. எங்கள் மலையில் அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பணத்தைப் பார்த்ததில்லை. பட்டிவீரன்பட்டியில் மூட்டையை இறக்கிவிட்டு வந்தவர்கள் ஜீப் வாங்கினார்கள், மச்சு வீடு கட்டினார்கள், சிலர் வட்டிக்கு வாங்கிப் பக்கத்துத் தோட்டத்தையும் வளைத்துப் போட்டார்கள். அப்பா கைமாற்றையும் கூட்டுறவுக் கடனையும் அடைத்தார், கருங்கல் பாவி ஒரு களம் போட்டார், தோட்டத்தில் நின்ற ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தடியிலும் மிளகுக் கொடி நட்டார். நம்மளும் ஒரு ஜீப் வாங்கலாமே என்று அம்மா கேட்டாளாம். "ஜீப்பு வாங்குனா டீசல் போடணும். கொடி வச்சா அது பாட்டுக்கு ஏறும்" என்றாராம்.

ஐந்தாறு வருடத்தில் விலை சரிந்தது. 2001, 2002 வாக்கில் பழம் எடுக்கிற கூலிகூடக் கட்டாத நிலைமை. பல தோட்டங்களில் பழம் செடியிலேயே காய்ந்து உதிர்ந்தது, சிலர் காபியைப் பிடுங்கிவிட்டுச் சவ்சவ் பந்தல் போட்டார்கள். அப்பாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அந்த வருடங்களில் அவர் எதை நிறுத்தினார், எதை நிறுத்தவில்லை என்பதைச் சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டும். உரம் வாங்குவதை நிறுத்தினார். குப்பையும் சாணமும் மட்டும் போட்டார். களை வெட்டைக் குறைத்தார். ஆனால் சிம்பு ஒடிப்பதையும், அதாவது வேண்டாத பக்கக் கிளைப்பை எடுப்பதையும், நிழலைச் சீர்படுத்துவதையும் நிறுத்தவில்லை. முக்கியமாக, தண்டைத் துளைக்கிற போரர் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு பருவம்கூட விடவில்லை. உரம் போடாத செடி ஒரு வருடம் குறைவாகக் காய்க்கும், மறுபடி போட்டால் தேறிவிடும். போரர் விழுந்த செடியைப் பார்க்காமல் விட்டால் அது போய், சுற்றி நிற்கிற செடிகளும் போய்விடும். விலை திரும்பியபோது பக்கத்துத் தோட்டக்காரர்கள் புதுக் கன்று நட்டு மூன்று நாலு வருடம் காத்திருந்தார்கள், எங்களுக்கு நின்ற செடியிலேயே காய் இருந்தது.

போரர் என்று நாங்கள் சொல்வது வெள்ளைத் தண்டு துளைப்பானை. எங்கள் மலையில் நிற்கிற அராபிகா காபிக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. சித்திரை வைகாசியிலும், பிறகு ஐப்பசிக்கு முன்பின்னும் வண்டு வெளியே வரும். வெயில் படுகிற தண்டில், பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்த் தண்டைக் குடைந்துகொண்டே போகும், வெளியிலிருந்து பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இலை மஞ்சளாகி வாடின பிறகுதான் எல்லாருக்கும் தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். அப்பா செடியை மேலே பார்க்க மாட்டார். குனிந்து, அடித்தண்டை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, கீழிருந்து மேலே மெதுவாகத் தடவிக்கொண்டு போவார். உள்ளே புழு போன இடத்தில் பட்டை வளையம் வளையமாகப் புடைத்திருக்கும், அது கைக்குத்தான் முதலில் தட்டுப்படும். "தாயி, உச்சியப் பாத்துக்கிட்டே நடந்தா ஒண்ணும் தெரியாது, அடிமரத்தத் தொட்டுப் பாரு" என்று என் கையை எடுத்து ஒரு தண்டில் வைத்து அழுத்தினார். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்புறம் பக்கத்தில் ஒரு நல்ல செடியைப் பிடிக்கச் சொன்னார், திரும்ப இதைப் பிடிக்கச் சொன்னார். அப்போது புரிந்தது.

பிடித்த செடியை வேரோடு பிடுங்கி, வண்டு கிளம்புகிற பருவத்துக்கு முன்னாலேயே எரித்துவிட வேண்டும். நல்ல விறகுதானே என்று வீட்டுப் பக்கத்தில் அடுக்கினால் அந்த விறகிலிருந்தே வண்டு பொரித்துத் தோட்டத்துக்குத் திரும்பும். நன்றாக இருக்கிற செடிகளுக்குத் தண்டில் செதில் செதிலாக நிற்கிற பட்டையைத் தேய்த்து எடுக்க வேண்டும், முட்டை வைக்க இடுக்கு இல்லாமல் போகும். கத்தியால் சுரண்டினால் பச்சைப் பட்டையில் காயம் பட்டுவிடும் என்று அப்பா கோணிச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தேய்ப்பார். நிழல் குறைந்தால் போரர் கூடும், அதனால் நிழல் மரத்தை ஒரேயடியாக மொட்டை அடிக்க ஆட்களை விடவே மாட்டார். சந்தேகம் வந்தால் ஒரு துண்டுத் தண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு தாண்டிக்குடியில் இருக்கிற காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்துக்கோ, தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் கேட்பார். அஞ்சாவது படித்தவர், அங்கே போய்க் கேட்கக் கூச்சப்பட்டதே இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் பக்கம் நிறையப் பேர் அந்த வாசலை மிதித்ததில்லை, கடைக்காரர் கொடுக்கிற மருந்தை வாங்கி அடித்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மிளகுக்கு அவர் நம்பியது போர்டோ கலவையை. மழைக்காலத்தில் வாடல் நோய் வந்தால் நேற்றுப் பச்சையாக நின்ற கொடி சில நாளில் இலையைக் கொட்டிவிடும், வந்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம். அதனால் மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு தடவை. நூறு லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. துத்தத்தைத் துணியில் முடிந்து முதல் நாள் ராத்திரியே பிளாஸ்டிக் டிரம்மில் 50 லிட்டர் தண்ணீரில் தொங்கவிடுவார், காலையில் முழுக்கக் கரைந்து நீலமாக நிற்கும். இன்னொரு டிரம்மில் 50 லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டுவார். பிறகு துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது, ஊற்ற ஊற்ற ஒருவர் குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்பு டிரம், தகர வாளி எதுவும் ஆகாது. கலந்ததும் பளபளவென்று தீட்டின கத்தியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் துத்தம் தூக்கல், இலை கருகிவிடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கத்தி வெள்ளையாகவே வந்தால் சரி. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்து முடிப்பார், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க மாட்டார். கொடியின் மேலே அடித்தால் மட்டும் போதாது, அடியில் மண்ணும் நனைய ஊற்ற வேண்டும். தரையில் ஓடுகிற கொடியை அறுத்துவிட வேண்டும், அடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் இழுக்க வேண்டும்.

கொடி ஏறிய மரத்தில் மிளகு பறிப்பதுதான் இந்தத் தொழிலில் ஆபத்தான வேலை. அறுபது வயதில் ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கி அப்பா விழுந்தார், கை முறிந்தது. தேறி வந்த பிறகு தோட்டத்தில் ஒரு சட்டம் போட்டார். தனியாக யாரும் ஏணி ஏறக் கூடாது, ஏணியின் தலையை மரத்தோடு கட்டாமல் கையை விடக் கூடாது, மின்கம்பி போகிற பக்கத்தில் அலுமினிய ஏணி கொண்டு போகவே கூடாது. பறித்த மிளகை வெயிலில் போடும் முன் மூங்கில் கூடையோடு கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பது அம்மாவின் வேலை. சீக்கிரம் காயும், ஒரே மாதிரி கறுப்பாக வரும். 2014, 2015ல் மிளகு கிலோ 600 ரூபாயைத் தாண்டியபோது என் தங்கையின் கல்யாணத்தை அந்தக் கொடிகள்தான் நடத்திவைத்தன.

அம்மாவைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றிப் பேச முடியாது. செடி வரைக்கும் அப்பா, களத்துக்கு வந்துவிட்டால் அம்மா. எங்கள் மலைக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், பழம் பழுப்பதும் அப்போதுதான். எடுத்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் என்ற தோலுரிக்கும் மெஷினில் ஆட்டி, ராத்திரி ஊறவிட்டு, காலையில் கழுவிக் காயவைக்க வேண்டும், வெயிலோ தலை காட்டாது. இப்படிக் கழுவிக் காயவைக்கிற ஓட்டோடு கூடிய பருப்புதான் பார்ச்மெண்ட். அது காயாமல் புழுங்கிவிட்டால் வாடை வந்துவிடும், வியாபாரி விலையை உடைப்பார். சட்டம் அடித்து வலை கட்டிய கட்டில் மாதிரித் தட்டுகள் செய்து, மேலே பிளாஸ்டிக் கூரை போட்டுக் கொடுத்தார் அப்பா. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கிண்டிவிடுவது, எப்போது மூட்டை கட்டலாம் என்று ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்துச் சொல்வது எல்லாம் அம்மா. அம்மா சரி என்று சொல்லாமல் ஒரு மூட்டையும் மலை இறங்கியதில்லை. விற்ற பணமும் அம்மா கைக்குத்தான் போகும். பேரத்தில் அப்பா கொஞ்சம் இளகிய ஆள், அது அவருக்கே தெரியும். அதனால் வியாபாரி தோட்டத்துக்கு வந்தால் "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்.

ஆள் கூலி விஷயத்தில் ஒரே பிடிவாதம்தான். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமை சாயங்காலமே கைக்குப் போக வேண்டும். வீட்டில் பணம் இல்லாவிட்டால் கடையில் சொல்லி வாங்கியாவது கொடுப்பார். எடுத்த பழத்தை எடுத்தவர்கள் கண்முன்னே எடை போட்டு, அவர்கள் கண்முன்னே நோட்டில் எழுதுவார். இதைப் பெரிய தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை, இதில் தொழில் கணக்கும் இருக்கிறது. எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பழம் சிவக்கும்போது ஆள் கிடைக்காது, மழையில் பழம் வெடித்து உதிரும். அந்த நெருக்கடியில் எங்கள் தோட்டத்துக்கு ஆள் வராமல் போனதே இல்லை.

மழைக் கணக்கும் எழுதுவார். எஸ்டேட்டில் கற்றது, இஞ்சு, சென்ட் என்றுதான் சொல்வார், சென்ட் என்றால் இஞ்சில் நூறில் ஒரு பங்கு. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்றைய மழையையும் செய்த வேலையையும் இரண்டு வரி எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பார். மாசி பங்குனியில் காபியைப் பூக்கவைக்கிற பூ மழை என்றைக்கு விழுந்தது, எட்டு பத்து நாளில் பூ எப்படி வந்தது, பூத்த பிறகு வர வேண்டிய பின்மழை கிடைத்ததா என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த வருடம் பழம் எத்தனை மூட்டை தேறும், எத்தனை ஆளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவார்.

எங்களைப் படிக்கவைத்ததில் அவர் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். திண்டுக்கல்லில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது பார்க்க வருவார். மலையிலிருந்து வருகிற செம்மண் தெரியக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டிலேயே செருப்பைக் கழுவிப் போட்டுக்கொண்டு, ஒரு மஞ்சள் பை நிறையப் பட்டர் புரூட்டோடு வருவார். வார்டனுக்கு இரண்டு தனியாக எடுத்து வைத்திருப்பார். நான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை, வற்புறுத்தினால் மண்வெட்டி வாங்கித் தா என்பார்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது எங்கள் தோட்டத்தின் மேல்பாதியில் சில்வர் ஓக் மரங்கள் கொடியோடு சாய்ந்து காபியை நசுக்கின. நான் போய்ச் சேர்வதற்குள் அப்பா அழுது முடித்து வேலையை ஆரம்பித்திருந்தார். மரத்தை அறுத்து விற்கிற யோசனை எனக்கு முதலில் வந்தது. அவர் அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். முதலில் சாய்ந்த காபிச் செடிகளை நிமிர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டும், முறிந்ததைச் சாய்வாக அறுத்துவிட வேண்டும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே கல்யாண முருங்கைக் கம்புகளை வெட்டி ஊன்ற வேண்டும். திடீரென்று வெயில் பட்ட தோட்டத்தில் அடுத்த பருவத்திலேயே போரர் வந்துவிடும், சீக்கிரம் தழைத்து நிழல் கொடுப்பது கல்யாண முருங்கைதான், அதிலேயே மிளகையும் ஏற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு மேல்பாதி உயிரோடு இருப்பது அவர் அந்த வாரம் ஊன்றிய கம்புகளால்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ரத்த அழுத்தம் இருந்தது. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதும் மாத்திரைக்காக மலை இறங்குகிற அலைச்சல் நின்றது. அப்போதுதான் நானும் தம்பியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அப்பாவுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தபோது எங்களுக்குப் பயமாக இருந்தது. லீவுக்கு ஊருக்குப் போகிறபோதெல்லாம் ஒருவர் அவரோடு தோட்டத்தைச் சுற்றுவது, கேட்பது, போனில் வீடியோ எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். உட்காரவைத்துக் கேட்டால் "என்னத்தச் சொல்ல, எல்லாம் தெரிஞ்சதுதானே" என்று முடித்துவிடுவார். நடந்தால் பேச்சு தானாக வரும். ஒவ்வொரு மரமாக அவரே நின்று சொல்வார்.

அப்படித்தான் வடக்கு மூலையில் சர்வே கல் ஒரு பலாமரத்தின் வேருக்குள் புதைந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. கீழ்த்தோட்டக்காரருக்கு நம் நிலம் வழியாக நடக்கப் பாதை விட்டது வாய்ப்பேச்சாக மட்டுமே இருந்தது தெரிந்தது, பிறகு இரண்டு பக்கமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டோம். ஊற்றிலிருந்து வருகிற கறுப்பு ஹோஸ் எந்தெந்தப் பாறைக்கு அடியில் போகிறது, கோடையில் ஊற்று வற்றினால் எந்தக் கசிவைத் தோண்ட வேண்டும் என்று காட்டினார். மூங்கில் புதரிலிருந்து ஓடைக்கு யானை இறங்குகிற தடத்தில் அவர் வேலியே போட்டதில்லை. அந்தத் தடத்து ஓரத்தில் வாழையும் வைத்ததில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பலாவில் காயைப் பிஞ்சிலேயே வெட்டி இறக்கிவிடுவார். பழுத்து வாசம் வந்தால் யானை வாசல்வரை வந்துவிடும். இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

பத்திரம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர் நில அளவையில் பட்டாவில் பெயரும் இனிஷியலும் தப்பாக ஏறியது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை, தமிழ்நாடு முழுக்க உண்டு. அப்பா தொண்ணூறுகளிலேயே தாய்ப்பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து அதைச் சரிசெய்துவிட்டார். அப்பா அம்மா இருக்கும்போதே பட்டா, சிட்டாவை இணையத்தில் எடுத்து, ஆதாரில் உள்ள பெயரோடும் பத்திரத்தோடும் ஒத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். அவர்கள் போன பிறகு ஒரு எழுத்தைத் திருத்துவதற்கும் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதம் என்று வேலை பெருகிவிடும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் ஏறுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

அப்பா தன் கையாலேயே நிலத்தைப் பிரித்து எழுதிவைத்தார். உயில் எழுதலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பது அதன் வசதி, பிறகு அதை வைத்துத்தான் சண்டையும் வருகிறது என்று அவர், உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கிற செட்டில்மெண்ட் பத்திரமே போதும் என்றுவிட்டார். குடும்பத்துக்குள் எழுதுவதால் கிரயத்தைவிட முத்திரைச் செலவும் மிகக் குறைவு. இரண்டு பெண்களுக்கும் தம்பிக்கும் சம பாகம், அம்மா இருக்கும்வரை முழுத் தோட்டத்தின் வருமானமும் அம்மாவுக்கு என்று அதிலேயே எழுதச் சொன்னார். பெண்பிள்ளைகளுக்கு எதற்கு மலைக்காடு என்று ஒருவர் கேட்டதற்கு, "குழிக்குத் தண்ணி சுமந்தது அவங்க ஆத்தா" என்று மட்டும் சொன்னார். இப்படி எழுதிவைக்கும்போது பெற்றவர்கள் இருக்கும்வரை நிலத்தை அனுபவித்துக்கொள்கிற உரிமையைப் பத்திரத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் கைச்செலவுக்குப் பிள்ளைகளைக் கேட்டு நின்றவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அளந்து உட்பிரிவு செய்து தனித்தனிப் பட்டா வாங்கிவிட்டோம். கூட்டுப் பட்டாவாக விட்டிருந்தால் ஒருவர் கடன் வாங்கவும் மற்ற இருவர் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

2025 தொடக்கத்தில் அராபிகா பார்ச்மெண்ட் 50 கிலோ மூட்டை 20,000 ரூபாயைத் தாண்டியதை அப்பா பார்த்தார். மலையெங்கும் அதே பேச்சு. அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் அந்தப் பணத்தில் என்ன செய்யலாம் என்று தம்பி கேட்டபோது, கஜாவில் போன இடத்துக்கு இன்னும் கொடி வேண்டும், களத்தில் இரண்டு கல் ஆடுகிறது, பழைய பல்ப்பருக்கு உருளை தேய்ந்துவிட்டது என்று வரிசையாகச் சொன்னார். அந்த வருடமே போய்விட்டார்.

கொடி நட்டுவிட்டோம். நம் தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற கரிமுண்டா ரக மிளகுக் கொடிகளில் அவர் அடையாளம் வைத்திருந்த மரங்களிலிருந்து அம்மாவே தண்டு வெட்டிப் பையில் போட்டு வளர்த்தாள். களத்துக் கல்லை எடுத்துப் பாவியாகிவிட்டது. உருளையை வத்தலகுண்டில் ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறேன், பழம் சிவக்கும் முன் வந்துவிடும் என்கிறார்கள். தம்பி கார்த்திகையில் லீவு போட்டு வருகிறான், தங்கை பிள்ளைகளோடு வருகிறாள். ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, போன வருடம் வந்தவர்களே வருகிறார்கள்.